பிறந்த பன்றிக்குட்டிகளின் வயிற்றோட்டம்: முதல் மூன்று நாள் காவல்

(தோட்டத்தில் கால்நடை வளர்ப்போர் கூட்டத்தில் எமது நலன்புரிக் குழுவினர் ஆற்றிய உரை)



வாரம் முழுவதும் மலையேறிக் கொழுந்தெடுத்துவிட்டு, ஓய்வாக இருக்கவேண்டிய ஞாயிற்றுக்கிழமையில் இங்கே வந்து கூடியிருக்கிறீர்கள். அதற்காக முதலில் நன்றி கூறுகிறோம். மாடு, ஆடு, கோழி பற்றிப் பல தடவை பேசியிருக்கிறோம். பன்றி வளர்ப்போர் நம் தோட்டங்களில் குறைவுதான். ஆனாலும் அவர்களுடைய கஷ்டமும் கஷ்டந்தானே! அதனால் இன்று பன்றிக்குட்டிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

முதலில் எங்களுடைய தவறு ஒன்றையே சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பத்தினர் சீட்டுக் காசை எடுத்துச் சினைப்பன்றி ஒன்றை வாங்கினார்கள். மூத்த மகளின் படிப்புச் செலவுக்கு உதவும் என்பது அவர்கள் நினைப்பு. பன்றி வந்து பத்தாம் நாள் பதினொரு குட்டிகள் போட்டது. வீடே சந்தோஷப்பட்டது. மறுநாள் காலையில் பார்த்தால், குட்டிகளின் பின்பக்கமெல்லாம் மஞ்சள் தண்ணீராக நனைந்து கிடந்தது. "கண்ணூறு பட்டிருச்சு" என்றார் ஒருவர். "தாய்ப்பால் சூடு, பாலை நிறுத்து" என்றார் இன்னொருவர். எங்களிடம் ஓடி வந்தார்கள். நாங்களும், "பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மாதிரி சீனியும் உப்பும் கரைச்சுக் குடுங்க" என்று சொல்லி அனுப்பினோம். வீட்டில் மிச்சமிருந்த கெப்சியூலையும் யாரோ பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். நான்காம் நாள் எட்டுக் குட்டிகள் செத்துவிட்டன. சீட்டுக் காசை மட்டும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மிருக வைத்தியர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து விளக்கினார். அப்போதுதான், அந்த வீட்டாரும் நாங்களும் எங்கெங்கே பிழை விட்டோம் என்பது புரிந்தது. அதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறோம்.

பிறக்கும்போதே மூன்று குறை

பன்றிக்குட்டி பிறக்கும்போது ஒரு கிலோவுக்குச் சற்று மேலேதான் இருக்கும். ஆட்டுக்குட்டிக்கும் கன்றுக்குட்டிக்கும் உடம்பில் ரோமம் இருக்கிறது. பன்றிக்குட்டிக்கு இல்லை என்றே சொல்லலாம். தோலுக்கு அடியில் கொழுப்பும் கிடையாது. ஆகவே குளிரைத் தாங்காது. இது முதல் குறை.

இரண்டாவது, நோயை எதிர்க்கும் சக்தி அதன் இரத்தத்தில் இல்லை. மனிதத் தாய் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு நஞ்சுக்கொடி வழியாகவே கொஞ்சம் எதிர்ப்புச் சக்தியைக் கொடுத்துவிடுகிறாள். பன்றிக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. குட்டி பிறந்து சீம்பால் குடித்தால்தான் அந்தச் சக்தி கிடைக்கும்.

மூன்றாவது, உடம்பில் சேமிப்பு இல்லை. வயிற்றோட்டம் வந்து தண்ணீர் வெளியேறினால், பெரிய பன்றி தாங்கும். குட்டி ஒரு நாளிலேயே சுருங்கிப் போய்விடும். காலையில் துள்ளிய குட்டி மாலையில் எழும்பாது.

எந்தக் கிருமி?

வயிற்றோட்டம் ஒரே நோயல்ல. பல கிருமிகள் அதற்குக் காரணம். பற்றீரியா எனப்படும் கிருமிகளில் முக்கியமானவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது ஈ.கோலை. இதை 1885ஆம் ஆண்டில் தியடோர் எஷெரிச் என்ற குழந்தை வைத்தியர், கைக்குழந்தைகளின் மலத்தில் கண்டறிந்து எழுதினார். இந்தக் கிருமி எல்லோருடைய குடலிலும் உண்டு. பெரும்பாலானவை ஒரு தீங்கும் செய்யாதவை. ஆனால் சில வகைகளுக்கு மெல்லிய நார் போன்ற பிடிகள் இருக்கின்றன. அட்டை காலில் ஒட்டிக்கொள்வதுபோல, அவை குட்டியின் சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு குடலைப் புண்ணாக்குவதில்லை. பீலியைத் திறந்து விட்டதுபோல, உடம்புத் தண்ணீரையெல்லாம் குடலுக்குள் இறக்கிவிடும். குட்டி பிறந்து சில மணி நேரத்திலிருந்து நான்கு நாட்களுக்குள் இது வரும். மலம் தண்ணீராக, வெளிர் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ போகும். இரத்தம் இருக்காது. முதல் ஈற்றுப் பன்றியின் குட்டிகளுக்கு இது அதிகம் வருகிறது.

இரண்டாவது குளொஸ்ட்ரிடியம் பெர்பிரிஞ்சன்ஸ். இதில் 'சி' வகை மிகவும் கொடியது. பிறந்து முதல் மூன்று நாட்களில் தாக்கும். இதன் நஞ்சு குடலின் உட்சுவரையே அழுகச் செய்துவிடும். மலம் இரத்தச் சிவப்பாக வரும். சில குட்டிகள் கழியாமலே கூடச் செத்துப்போகும். அறிகுறி தெரிந்தபின் மருந்து கொடுத்துக் காப்பாற்றுவது அரிது. 'ஏ' வகை இவ்வளவு கொடியதல்ல. மலம் களியாக, பாலாடை நிறத்தில் போகும். குட்டிகள் மெலியும், சில சாகும். இந்தக் கிருமிகள் விதைபோல ஓடு கட்டிக்கொண்டு மண்ணிலும் பட்டியின் வெடிப்புகளிலும் நீண்ட காலம் உயிரோடு கிடக்கும். சாதாரண மருந்துத் தண்ணீர் தெளித்தால் சாகாது.

மூன்றாவது குளொஸ்ட்ரிடியம் டிபிசில். இதுவும் முதல் வாரத்தில்தான் வரும். அன்டிபயோடிக் மருந்தைக் கண்டபடி கொடுத்தால், குடலிலுள்ள நல்ல கிருமிகள் செத்து, இந்தக் கிருமி பெருக இடம் கிடைத்துவிடும். வீட்டில் மிச்சமிருக்கும் கெப்சியூலைப் பிரித்துக் கொடுப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏழாம் நாளுக்குப் பிறகு களிபோல மஞ்சளாகக் கழிந்தால், அது பெரும்பாலும் கொக்சிடியா என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அது பற்றீரியா அல்ல. ரோட்டா வைரசும் உண்டு. இவை இரண்டையும் அன்டிபயோடிக் தீண்டாது. ஆகவே குட்டிக்கு எத்தனை நாள், மலம் என்ன நிறம், இரத்தம் உண்டா, எத்தனை குட்டிக்கு என்று கவனித்து வைத்தியரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் அந்த நான்கு விபரமும் அவருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.

கிருமி எங்கிருந்து வருகிறது?

"சுத்தமாத்தானே வைச்சிருக்கோம், எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேட்பீர்கள். தாயிடமிருந்துதான் வருகிறது. தாய்ப்பன்றி நோயில்லாமல் நன்றாகவே இருக்கும். ஆனால் அதன் சாணத்தில் கிருமி இருக்கும். சாணம் மடியில் ஒட்டும். குட்டி முலையைத் தேடி முகரும்போதே முதல் வாய்க் கிருமியையும் சேர்த்து விழுங்கும். முலைப்பாலுக்கும் கிருமிக்கும் நடக்கிற ஓட்டப் பந்தயம் இது. சீம்பால் முந்தினால் குட்டி பிழைக்கும்.

அந்தக் குடும்பத்தின் முதல் பிழை இங்கேதான். பன்றி வந்து பத்து நாளில் குட்டி போட்டது. தாய் தான் வாழும் இடத்துக் கிருமிகளைச் சந்தித்தால்தான், அவற்றுக்கு எதிரான சக்தி சீம்பாலில் சேரும். அதற்குப் பத்து நாள் போதாது. சினைப்பன்றி வாங்குவதானால், குட்டி போட ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே கொண்டுவந்து விடுங்கள். பன்றியின் சினைக்காலம் ஏறக்குறைய 114 நாள். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். காளைப் பன்றியிடம் விட்ட திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

சூடு, சீம்பால், சுத்தம்

செய்யவேண்டியது எல்லாம் இந்த மூன்று சொல்லுக்குள் அடங்கும்.

முதலில் சுத்தம். குட்டி போட ஒரு வாரத்துக்கு முன்பே அந்த இடத்தை ஒழித்து விடுங்கள். பழைய சாணத்தையும் புல்லையும் சுரண்டி எடுத்து, சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய விடுங்கள். அதன் பின்தான் குளோரின் தூள் கரைத்த தண்ணீர் தெளிக்கவேண்டும். சாணத்தின் மேலே குளோரின் ஊற்றினால் அதன் வேகம் அங்கேயே செத்துவிடும். திரும்பவும் காயவிட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். நம் மலையில் வெயில் காண்பது கஷ்டம், தெரியும். அதனால்தான் ஒரு வாரம் முன்பே தொடங்கச் சொல்கிறோம். ஈரத் தரைதான் கிருமியின் தொட்டில். தாயை உள்ளே விடும்போது வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரால் மடியையும் வயிற்றையும் கழுவி விடுங்கள். குட்டி போட்ட பின் தாயின் சாணத்தைக் காலை மாலை அள்ளுங்கள்.

அடுத்தது சூடு. புதுக்குட்டிக்கு 32 முதல் 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். நுவரெலியாப் பக்கத்தில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லின் மேல் பனி உறைகிறது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கமும் குளிருக்குக் குறைவில்லை. குளிரில் நடுங்கும் குட்டி முலைக்குப் போகாது. சீம்பாலும் கிடைக்காது. குடலின் அசைவும் மந்தமாகி, கிருமி நிலையாக ஒட்டிக்கொள்ள வசதியாகிவிடும். ஈ.கோலை நோயின் பாதி வேலையைக் குளிர்தான் செய்கிறது.

மூலையில் பலகைப் பெட்டி ஒன்றை மூடியோடு செய்து வையுங்கள். குட்டி மட்டும் நுழைய வழி விடுங்கள். காய்ந்த மானாப் புல்லோ, துவைத்துக் காயவைத்த சாக்கோ போடுங்கள். மின்சாரம் இருந்தால், குட்டியும் தாயும் எட்ட முடியாத உயரத்தில், வலை மறைப்போடு ஒரு குண்டு பல்பு கட்டலாம். மின்சாரம் இல்லையென்றால், சுடுதண்ணீர்ப் போத்தல்களைச் சாக்கில் சுற்றி வைத்து மாற்றி மாற்றிக் கொடுங்கள். கரிச்சட்டி மட்டும் வேண்டாம். லயத்தில் தீப்பிடித்தால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை. சூடு போதுமா என்று குட்டிகளைப் பார்த்தே அறியலாம். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தால் குளிர். பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் படுத்தால் சரி. பல்பை விட்டு விலகி ஓடினால் சூடு கூடிவிட்டது.

மூன்றாவது சீம்பால். இதற்கு நேரம் முக்கியம். குட்டி போடத் தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள்ளேயே சீம்பாலின் எதிர்ப்புச் சக்தி பாதியளவுக்குக் குறைந்துவிடும். ஒரு நாள் கடந்ததும் குட்டியின் குடலும் அந்தச் சக்தியை உள்ளே விடாமல் மூடிக்கொள்ளும். அதன் பின் எவ்வளவு குடித்தாலும் இரத்தத்தில் சேராது. ஒரு குட்டிக்கு முதல் நாளில் 200 கிராமுக்குக் குறையாமல் சீம்பால் வேண்டும். ஆகவே குட்டி போடும் இரவில் யாராவது ஒருவர் கூட இருக்கவேண்டும். பிறந்ததும் காய்ந்த துணியால் துடைத்து, வாய் மூக்கைச் சுத்தம் செய்து, முலையில் விடுங்கள்.

குட்டிகள் அதிகமாக இருந்தால், வயிறு நிரம்பிய பெரிய குட்டிகளை ஒரு மணி நேரம் பெட்டியில் அடைத்துவிட்டு, சின்னக் குட்டிகளைக் குடிக்க விடுங்கள். உறிஞ்சச் சக்தியில்லாத குட்டிக்குத் தாயின் முலையிலிருந்து கறந்து, ஊசியில்லாத சிரிஞ்சியால் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விடுங்கள். தாய்க்குக் காய்ச்சலா, மடி கல்லுப்போல் இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். தாய்க்குப் பால் இறங்காவிட்டால் முழு ஈற்றும் ஆபத்தில்தான்.

ஈ.கோலைக்கும் குளொஸ்ட்ரிடியத்துக்கும் தாய்ப்பன்றிக்குப் போடும் தடுப்பூசி உண்டு. குட்டி போடச் சில வாரங்களுக்கு முன் போட்டால், அதன் பலன் சீம்பால் வழியாகக் குட்டிக்குப் போகும். ஒரு தடவை இரத்தக் கழிச்சல் வந்த பட்டியாக இருந்தால், அடுத்த சினைக்கு முன்பே மிருக வைத்தியரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

கழியத் தொடங்கிவிட்டால்

வயிற்றோட்டத்தில் குட்டியைக் கொல்வது தண்ணீர் இழப்புத்தான். ஆகவே முதல் வேலை தண்ணீர் கொடுப்பது. இங்கேதான் எங்கள் பிழை நடந்தது. நம் பிள்ளைகளுக்கு ஆபத்துக்குச் சீனி உப்புத் தண்ணீர் உதவும். பிறந்த பன்றிக்குட்டியின் குடலில் சீனியைச் செரிக்கும் சாறு இன்னும் சுரக்கத் தொடங்கவில்லை. கொடுத்த சீனி செரிக்காமல் கிடந்து, கழிச்சலை மேலும் கூட்டிவிடும். அதற்குத் தேவை குளுக்கோஸ். ஜீவனிப் பக்கெட்டில் குளுக்கோஸ் இருக்கிறது. பக்கெட்டில் எழுதியுள்ள அளவுக்குக் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, இளஞ்சூடாக, தடவைக்கு 10 அல்லது 15 மில்லிலீற்றர் வீதம், நாளில் பல தடவை கொடுங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் புரையேறும். ஒரு தட்டையான பாத்திரத்திலும் ஊற்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். மிச்சத்தை மறுநாளுக்கு வைக்கவேண்டாம். தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். சூட்டைக் கூட்டுங்கள். படுக்கைப் புல்லை மாற்றுங்கள்.

இரண்டாவது வேலை, அன்றைக்கே கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு ஆள் அனுப்புவது. "நாளைக்குப் பார்ப்போம்" என்பது பன்றிக்குட்டி விஷயத்தில் சரிவராது. செத்த குட்டி இருந்தால், அன்று செத்ததையே இரண்டு பொலித்தீன் பையில் கட்டிக் கொண்டு போகலாமா என்று கேளுங்கள். குடலைத் திறந்து பார்த்தால் எந்தக் கிருமி என்று வைத்தியர் அறிவார். அப்படித் தேவையில்லையென்றால், ஓடைக்கும் பீலிக்கும் தூரத்தில் ஆழக்குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். தேயிலைக்குள் வீசாதீர்கள். நாய்க்கும் போடாதீர்கள்.

மருந்து வைத்தியர் சொன்னால் மட்டுந்தான். அவர் சொன்ன அளவு, சொன்ன நாள்வரை. இரண்டு நாளில் சுகமானதும் நிறுத்தினால், சாகாமல் தப்பிய கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். பழகிய கிருமி பன்றியோடு நிற்காது. சாணத்தில், கையில், தண்ணீரில் ஏறி நம் பிள்ளைகளிடமும் வரும். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மருந்தும் வேலை செய்யாமல் போகலாம்.

நம் வீட்டையும் பார்த்துக்கொள்வோம்

பட்டியிலிருந்து வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பட்டிக்கென்று ஒரு செருப்பு வையுங்கள். கழியும் குட்டியைச் சின்னப் பிள்ளைகள் தூக்கி விளையாட விடாதீர்கள். பட்டித் தண்ணீர் பீலிக்கரைக்கு இறங்காமல் குழி வெட்டிக் கட்டுங்கள். கீழ் லயத்துக்காரரும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். பன்றியை விரும்பாத அயலவர்களும் நம்மிடையே வாழ்கிறார்கள். பட்டியைத் தள்ளிக் கட்டினால் அவர்கள் மனமும் நோகாது.

இன்னொன்றையும் மறக்கவேண்டாம். ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2024ஆம் ஆண்டில் நம் நாட்டிலும் கண்டறியப்பட்டது. அது வேறு நோய். வைரசால் வருவது. மனிதருக்குத் தொற்றாது. ஆனால் குட்டி, தாய் என்ற பேதமில்லாமல் பன்றிகளை மடிய வைக்கும். பெரிய பன்றிக்குக் கடுங்காய்ச்சல், தோல் சிவத்தல், திடீர்ச் சாவு என்று கண்டால், வயிற்றோட்டம் என்று நினைத்துச் சும்மா இருக்காதீர்கள். விற்கவும் வெட்டவும் வேண்டாம். உடனே மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். கடை மிச்சச் சாப்பாட்டைப் பன்றிக்குப் போடவே வேண்டாம்.

முடிவாக ஒரு வார்த்தை. நாங்கள் முன்பு சொன்ன அந்தக் குடும்பத்தினர் மனம் தளரவில்லை. அதே தாய்ப்பன்றி அடுத்த தடவை பத்துக் குட்டிகள் போட்டது. இந்தத் தடவை பெட்டி தயாராக இருந்தது. காய்ந்த புல் இருந்தது. வீட்டுக்கார அம்மாவும் மகளும் இரவு முழுவதும் மாறி மாறி விழித்திருந்தார்கள். ஒன்று தாய் படுத்ததில் நசுங்கிச் செத்தது. மிச்சம் ஒன்பதும் பால் மறந்து, தீனி தின்று வளர்ந்தன. விலை கூடிய மருந்து ஒன்றும் அவர்கள் வாங்கவில்லை.

முதல் இரவில் நீங்கள் கண்விழித்தால், அடுத்த மாதங்களில் நிம்மதியாகத் தூங்கலாம். சூடு, சீம்பால், சுத்தம். இந்த மூன்றையும் வீட்டுக்குப் போனதும் பட்டியின் கதவில் கரியாலாவது எழுதி வையுங்கள். இன்று வராத அயல்வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

கேள்விகள் இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள்.